மேனுவல் கியர் சூப்பர்ப் தேடியவனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினொரு மாதம், நான்கு மாநிலங்கள், நேரில் பார்த்த வண்டிகள் ஏழு. பழைய கார் ஒன்றுக்காக இப்படி அலைந்தவன் என்ற பெயர் கோவை நண்பர்களிடையே எனக்கு நிலைத்துவிட்டது. அதன் பயனாக, முன்பின் அறியாதவர்கள்கூடத் தொலைபேசியில் அழைத்து, "சார், மேனுவல் சூப்பர்ப் ஒன்று வந்திருக்கிறது, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அதே பதிலைச் சொல்லி நாக்கு வறண்டதால் எழுதிவைக்கிறேன்.

எந்தக் கார் அது? ஏன் அவ்வளவு அரிது?

ஸ்கோடா சூப்பர்ப், மூன்றாம் தலைமுறை, 1.8 லிட்டர் டி.எஸ்.ஐ. பெட்ரோல், ஆறு கியர் மேனுவல். 2016 பிப்ரவரியில் இந்தியாவில் இந்தத் தலைமுறை அறிமுகமானபோது ஐந்து வகைகள் வந்தன. அவற்றில் நான்கு ஆட்டோமேட்டிக். மேனுவல் ஒன்றே ஒன்று: 'ஸ்டைல்' பெட்ரோல். அதுதான் ஐந்திலும் மலிவானது. டெல்லி ஷோரூம் விலை 22.68 லட்சம். டீசல் வேண்டுமென்றால் ஆட்டோமேட்டிக்தான். உச்ச வகையான 'லாரின் அண்ட் கிளெமென்ட்' வேண்டுமென்றாலும் ஆட்டோமேட்டிக்தான்.

நம் ஊரில் அந்த விலைக்குக் கார் வாங்குகிறவர் பெரும்பாலும் பின்சீட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பவர். தானே ஓட்டுவார் என்றால் கிளட்ச் மிதிக்க மாட்டார். ஆகவே மேனுவலை வாங்கியவர்கள் இரண்டே வகை: ஆட்டோமேட்டிக்குக் கொடுக்க வேண்டிய கூடுதல் ஒன்றேகால் லட்சத்தை மிச்சப்படுத்தியவர்கள், அல்லது ஓட்டுவதில் பைத்தியம் பிடித்தவர்கள். இரண்டாவது வகையினர் விற்பதில்லை. முதல் வகையினரின் வண்டிதான் சந்தைக்கு வருகிறது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது 1.8 இன்ஜினும் விடைபெற்றது. அதன்பின் வந்த 2.0 லிட்டர் பெட்ரோலுக்கு ஆட்டோமேட்டிக் மட்டுமே. ஆக, தேட வேண்டியவை அந்த நான்கே ஆண்டுகளில் வந்த வண்டிகள்.

ஆட்டோமேட்டிக் சூப்பர்ப் எங்கும் கிடைக்கிறதே. எதற்கு இந்த வீம்பு?

வீம்பு கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கணக்கும் ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் இன்ஜின் ஒன்றுதான், 180 குதிரைத்திறன். முறுக்குவிசையை (டார்க்) பாருங்கள்: மேனுவலில் 320 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 250. காரணம் இன்ஜினில் இல்லை, கியர்பெட்டியில் இருக்கிறது. அந்த ஆட்டோமேட்டிக்கில் பொருத்தியது உலர் கிளட்ச்கள் இரண்டு கொண்ட ஏழு கியர் டி.எஸ்.ஜி. அது தாங்கும் எல்லையே 250தான். கியர்பெட்டி நொறுங்காமலிருக்க இன்ஜினுக்கு மூக்கணாங்கயிறு போட்டிருக்கிறார்கள். மேனுவலில் அந்தக் கயிறு இல்லை.

ஐந்து வகைகளிலும் மலிவான வண்டியில், விலை கூடிய பெட்ரோல் வண்டிகளைவிட 70 நியூட்டன் மீட்டர் அதிகம். விற்பனையாளர்கள் யாரும் இதை வாடிக்கையாளரிடம் அழுத்திச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. சொன்னால் எதை விற்பது?

சேலம் தாண்டித் தொப்பூர் ஏற்றத்தில் ஐந்தாம் கியரிலேயே லாரிகளைக் கடந்து போகும்போது அந்த 70 எங்கே இருக்கிறது என்று தெரியும்.

ஆட்டோமேட்டிக் கெட்டுப்போகும் என்ற பயமும் உண்டா?

உண்டு. ஏழு கியர் உலர் டி.எஸ்.ஜி.யில் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் 'மெக்கட்ரானிக்ஸ்' பகுதி தொல்லை கொடுப்பது உலகறிந்த விஷயம். 2013-ல் ஃபோக்ஸ்வாகன் குழுமமே உலகளவில் வண்டிகளைத் திரும்ப அழைத்து அதன் எண்ணெயை மாற்றிக் கொடுத்தது. வெயிலிலும் நெரிசலிலும் ஊர்ந்து போவது உலர் கிளட்சுக்கு ஆகாது; நம் நகரங்களில் அதைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அதற்காக எல்லா டி.எஸ்.ஜி.யும் கெட்டுவிடும் என்று சொல்ல மாட்டேன். லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஒழுங்காக ஓடும் வண்டிகளை எனக்குத் தெரியும். உத்தரவாதக் காலம் முடிந்த வண்டியில் அந்த லாட்டரிச் சீட்டை நான் எடுக்க விரும்பவில்லை, அவ்வளவே.

எங்கே தேட வேண்டும்?

எல்லா இடத்திலும். பெங்களூர், ஐதராபாத், கொச்சி, மும்பை ஆகிய நகரங்களில் இவ்வகை வண்டிகள் அடிக்கடி தலைகாட்டுகின்றன. கோவையில் வண்டிப் பைத்தியங்கள் அதிகம் என்பதால் விற்பவர்கள் குறைவு. ஆனால் ஒரு வண்டி விற்பனைக்கு வருவதற்கு முன்பே அதைப் பற்றிய தகவல் இங்கே தனியார் பட்டறைகளில் உலவும். ஸ்கோடா, ஆடி வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக்குகள் இருவரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்துவைத்து, மாதம் ஒருமுறை டீ குடிக்கப் போய்வாருங்கள். இணைய விளம்பரங்களைவிட அந்த டீ எனக்கு அதிகம் பயன்பட்டது.

இன்னொன்று. இணையத்தில் தேடும்போது 'மேனுவல்' என்று வடிகட்டித் தேடாதீர்கள். எல்லா சூப்பர்ப்களையும் திறந்து பாருங்கள். விளம்பரம் போடுகிறவர் பெரும்பாலும் தரகரிடம் வேலை பார்க்கும் பையன். சூப்பர்ப் என்றால் ஆட்டோமேட்டிக் என்று அவனே முடிவு செய்து கட்டத்தை நிரப்பிவிடுவான். நான் கடைசியில் வாங்கிய வண்டி ஆட்டோமேட்டிக் என்ற பெயரில்தான் ஐந்து வாரம் இணையத்தில் கிடந்தது. ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்பைக் காட்டிய மங்கலான படம் ஒன்றில் மூன்றாவது மிதியின் ஓரம் தெரிந்தது. அந்தப் படத்தை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

விளம்பரத்தில் 'மேனுவல்' என்றே போட்டிருந்தால் நம்பலாமா?

கூடாது. அதே பையன் எதிர்த்திசையிலும் தவறுவான். ஓசூருக்கு ஒருமுறை விடிகாலையில் கிளம்பிப் போய், 'மேனுவல்' வண்டியின் கதவைத் திறந்தால் இரண்டு மிதிகள். "இதிலும் மேனுவல் மோடு இருக்கிறது சார்" என்றார் விற்பவர். அவர் மேல் தப்பில்லை. கியர் நெம்புகோலை ஒரு படம் அனுப்பச் சொல்லாத என்மேல்தான் தப்பு.

ஆர்.சி.யில் கியர் வகைக்கென்று தனிக் கட்டம் கிடையாது. ஆனால் மாடல் பெயரோடு 'எம்.டி.' அல்லது 'ஏ.டி.' என்று சேர்ந்திருக்கக்கூடும். காப்பீட்டுப் பத்திரத்திலும் வகையின் பெயர் இருக்கும். 'லாரின் அண்ட் கிளெமென்ட், மேனுவல்' என்று யாராவது விளம்பரம் செய்தால், பெயர்ப்பட்டை ஒட்டப்பட்ட ஸ்டைல் வண்டியாக இருக்கலாம், அல்லது கட்டத்தை நிரப்பியவர் தூக்கக் கலக்கத்தில் இருந்திருக்கலாம். உறுதியான வழி ஒன்றுதான்: மிதிகளும் நெம்புகோலும் ஒரே படத்தில்.

என்ன விலை கொடுக்கலாம்?

இதற்குச் சந்தையில் இரண்டு விலை உண்டு. சாதாரணத் தரகருக்கு மேனுவல் சூப்பர்ப் ஒரு தலைவலி. பெரிய கார் கேட்டு வருகிறவர் மிதிகளைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார். ஆகவே அவர் ஆட்டோமேட்டிக்கைவிடக் குறைத்தே விலை சொல்வார். அதே வண்டி விஷயம் தெரிந்தவர் கையில் இருந்தால், 'இனி வராத வண்டி' என்று கூடுதலாகக் கேட்பார். வண்டி ஒன்று, விலை விற்பவரின் அறிவைப் பொறுத்தது.

தேடும்போது உங்கள் முகத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். "மேனுவலா... சரி, பரவாயில்லை" என்ற தொனி பேரத்துக்கு நல்லது. எனக்கு அது வரவில்லை. கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அரிய வண்டி என்பதால் சில குறைகளைப் பொறுத்துக்கொள்ளத்தானே வேண்டும்?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. நான்கு மாதம் தேடி ஒன்றும் கிடைக்காமல், ஐந்தாம் மாதம் ஒன்று வந்தால் மனம் என்ன செய்யும் தெரியுமா? வக்கீல் வேலை பார்க்கும். விற்பவருக்காக நாமே வாதாடுவோம். "பெயின்ட் வேறுபாடா? வெயிலில் நிறம் மங்கியிருக்கும்." "ரசீது இல்லையா? எங்கே எல்லோரும் பத்திரப்படுத்துகிறார்கள்?" விற்பவர் வாயே திறக்க வேண்டாம்.

ஆகவே தேடலைத் தொடங்கும் முன்பே, எந்த வண்டியும் கண்ணில் படாத நாளில், மன்னிக்கவே கூடாதவற்றை எழுதிவைத்தேன். மூன்றுதான். தண்ணீரில் மூழ்கிய வண்டி. பெயரும் கடனும் தெளிவில்லாத ஆவணம். இன்ஜினைத் திறந்து வேலை பார்த்துவிட்டு ரசீது காட்டாத வண்டி. கீறல், நெளிசல், பிடிக்காத நிறம், தேய்ந்த டயர், ஏன் தேய்ந்த கிளட்ச்கூட மன்னிக்கத்தக்கவை. அவற்றுக்கெல்லாம் விலை தெரியும், பேரத்தில் கழித்துக்கொள்ளலாம்.

அந்தத் தாள் இல்லாவிட்டால் அடுத்த கேள்வியில் வரும் வெள்ளை வண்டி இன்று என் வீட்டு வாசலில் நின்றிருக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியது. இரண்டு ஊர்களிலும் இந்த வயதுடைய வண்டிகள் அடித்தளத்து நிறுத்துமிடங்களில் நின்றுகொண்டிருந்தன என்பதை மறக்காதீர்கள்.

புயலுக்குச் சில மாதம் கழித்துச் சென்னையின் தென்பகுதியில் ஒரு வெள்ளைச் சூப்பர்ப். மேனுவல், ஒரே உரிமையாளர், விலை மனதைக் கரைக்கும் அளவுக்குக் குறைவு. கதவைத் திறந்ததும் மல்லிகை வாசனை மூக்கைத் துளைத்தது. காருக்குள் அவ்வளவு வாசனைத் திரவியம் தெளிக்கிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று என் மெக்கானிக் சொல்லியிருந்தார். ஓட்டுநர் சீட்டின் பெல்ட்டை முடியும் மட்டும் வெளியே இழுத்தேன். வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் கடைசி ஒரு சாண் நீளத்தில் பழுப்பு நிறக் கோடு ஒன்று சீராக ஓடியது. தண்ணீர் நின்ற மட்டம். இருக்கையை மாற்றியிருந்தார்கள், விரிப்பை மாற்றியிருந்தார்கள், பெல்ட்டை இழுத்துப் பார்ப்பான் ஒருவன் என்று நினைக்கவில்லை.

பெல்ட்டைத் தவிர, இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி டயர் வைக்கும் பள்ளத்தில் வண்டல், முன்விளக்கின் உட்புறம் ஆவி படிந்த தடம் ஆகியவற்றையும் பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சைக் கையால் அழுத்துங்கள். இந்த வண்டியில் மின்னணுப் பெட்டிகள் ஏராளம். மூழ்கிய வண்டி இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகக் கைவிடும். உரிமையாளரிடம் காப்பீட்டுக் கோரிக்கை வரலாற்றையும் கேளுங்கள். பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று கணக்கிடுவார்கள். அப்படிக் கழிக்கப்பட்ட வண்டிகள் ஏலத்தில் போய், அலங்கரிக்கப்பட்டு, மறுபடி சந்தைக்கு வருவது புதிதல்ல.

நேரில் பார்க்கப் போகும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

போவதற்கு முன்பே ஒரு வேண்டுகோள்: "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்." போனதும் பானெட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் பத்து நொடியில் சொல்லும் உண்மையைச் சூடான இன்ஜின் சொல்லாது. இந்த இன்ஜினில் டைமிங் செயின்தான், பெல்ட் இல்லை. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீடிக்கும் கிலுகிலுப்புச் சத்தம் வந்தால் எச்சரிக்கை. "போன மாதம்தான் சார் டைமிங் பெல்ட் மாற்றினேன்" என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அவருடைய டீசல் கார் எதையோ மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இதே குடும்பத்தின் முந்தைய தலைமுறை இன்ஜின்களுக்கு எண்ணெய் குடிக்கும் நோயும், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பழுதாகும் நோயும் பிரசித்தம். மூன்றாம் தலைமுறையில் அவை பெருமளவு சரியாகிவிட்டன. இதில் கவனிக்க வேண்டியது தண்ணீர்ப் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு. அங்கே குளிரூட்டி கசிவது அறியப்பட்ட குறை. கூலன்ட் அளவு குறைந்திருக்கிறதா, இன்ஜின் பக்கத்தில் இளஞ்சிவப்பாகக் காய்ந்த உப்புத் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கிளட்ச் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான்காம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். இன்ஜின் சுழற்சி மட்டும் சட்டென்று ஏறி, வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. 320 நியூட்டன் மீட்டர் இழுக்கும் இன்ஜினில் தேய்ந்த கிளட்ச் இந்தச் சோதனையில் ஒளிய முடியாது.

அடுத்தது ஃப்ளைவீல், இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் நடுவே சுழலும் கனத்த சக்கரம். இதில் இருப்பது இரட்டை எடை ஃப்ளைவீல். உள்ளே ஸ்பிரிங்குகள் உண்டு. இன்ஜினை அணைக்கும் நொடியில் தடதடவென்று ஒரு உலுக்கல் வந்தால் அது தேய்ந்துவிட்டது. கிளட்ச் தட்டை மட்டும் மாற்றுவதற்கும் ஃப்ளைவீலையும் சேர்த்து மாற்றுவதற்கும் செலவில் பெரிய இடைவெளி இருக்கிறது. விலை பேசும் முன் மெக்கானிக்கிடம் இரண்டுக்கும் தனித்தனியாக மதிப்பீடு வாங்கிவையுங்கள்.

பிறகு ரிவர்ஸ். நெம்புகோலைக் கீழே அழுத்தி இடது முன்பக்கம் தள்ள வேண்டும். உறுத்தல் இல்லாமல் விழ வேண்டும். இரண்டாம் கியரில் இறங்கும்போது கரகரப்பு இருந்தால், கியர்கள் உரசாமல் இணைய உதவும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது.

மீட்டரைக் குறைத்திருப்பார்களோ?

குறைத்திருக்கலாம். மேனுவல் வண்டியில் ஒரு நன்மை: கிளட்ச் மிதியின் ரப்பர். மீட்டரை மாற்றுகிறவர்கள் இதை மாற்ற மறப்பார்கள். 40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அந்த ரப்பரின் வரிகள் கூர்மையாக இருக்க வேண்டும். வழுவழுவென்று மழுங்கி, கியர் குமிழும் பளபளத்தால் லட்சத்தைத் தாண்டிய வண்டி. மாறாக, ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2416 என்றால் 2016-ம் ஆண்டின் 24-வது வாரத்தில் தயாரானது. நாற்பதாயிரம் ஓடிய வண்டியில் மூன்றாவது ஜோடி டயர் ஏன் என்று கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் குழும வண்டிகளுக்கான வி.சி.டி.எஸ். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போங்கள். பழைய பிழைக்குறிகளோடு அவை பதிவானபோது இருந்த கிலோமீட்டரும் இன்ஜின் கணினியில் தங்கியிருக்கும். மீட்டர் 52,000 காட்ட, பிழை 88,000-ல் பதிவாகியிருந்ததை ஒருமுறை என் கண்ணாலேயே பார்த்தேன். விற்பவர் அதிர்ந்தார், அல்லது அதிர்ந்ததாக நடித்தார்.

ரீமேப் செய்த, அதாவது சக்தியைக் கூட்ட இன்ஜின் மென்பொருளை மாற்றிய வண்டியை வாங்கலாமா?

நான் வாங்க மாட்டேன். செய்தவர் யார், எப்போது, எந்தப் பெட்ரோல் போட்டார், பழைய மென்பொருளுக்குத் திருப்பியிருக்கிறாரா என்று எல்லாவற்றுக்கும் தாள் காட்டினால் யோசிக்கலாம். யாரும் காட்டுவதில்லை.

வேறு மாநில வண்டி என்றால் ஆவண வேலை என்னென்ன?

இங்கேதான் பலர் காலை உடைத்துக்கொள்கிறார்கள். வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 விற்பவர் தருவது, படிவம் 30 வாங்குபவர் தருவது. கடன் இருந்திருந்தால், அது அடைந்துவிட்டது என்று வங்கி தரும் கடிதத்தோடு படிவம் 35. ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இன்னும் இருக்கும்போது, "கடனை எப்போதோ கட்டிவிட்டேன்" என்பது வெறும் பேச்சு.

வேறு மாநிலப் பதிவு எண்ணோடு பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டினால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு அதைச் சொல்கிறது. அதற்கு முன்பே தமிழ்நாட்டின் ஆயுள் வரியைக் கட்ட வேண்டியிருக்கும். வண்டியின் விலையையும் வயதையும் வைத்து அதைக் கணக்கிடுவார்கள். சூப்பர்ப் போன்ற விலை கூடிய வண்டிக்கு அது சில்லறைத் தொகை அல்ல. பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம்; கேட்டுப் பெற்றவர்களுக்குப் பொறுமைக்கான விருது தர வேண்டும். ஆகவே வெளிமாநில வண்டியின் விலையைப் பார்க்கும்போது வரியையும் சேர்த்துப் பாருங்கள். மும்பையில் மலிவாகக் கிடைத்த வண்டி கோவைக்கு வந்து சேரும்போது மலிவாக இருக்காது.

புதுச்சேரிப் பதிவு வண்டிகளும் இதே கணக்கில்தான் வரும். வரி மிச்சம் என்று அங்கே பதிந்துவிட்டு இங்கே ஓட்டியவரின் வண்டியை வாங்கினால், அவர் மிச்சப்படுத்தியதை நீங்கள் கட்டுவீர்கள்.

பெயர் மாற்றத்தை விற்பவரே பார்த்துக்கொள்வார் என்கிறார். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். நீங்களே விற்பவராக இருந்தாலும் விடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களை வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் தரகர்கள் பலர். வண்டி நான்கு கை மாறியும் ஆர்.சி.யில் முதலாமவர் பெயரே இருக்கும். 'ஒரே உரிமையாளர்' என்ற விளம்பரத்துக்குப் பின்னால் சில சமயம் இதுதான் கதை.

முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

வண்டியையும் ஆர்.சி.யையும் ஆதாரில் இருக்கும் முகத்தையும் நேரில் பார்க்கும் முன் ஒரு ரூபாய்கூட வேண்டாம். "ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம் வந்துவிட்டது, வண்டியை லாரியில் அனுப்புகிறேன்" என்ற கதை நாடு முழுக்க ஓடிய மோசடி. அரிய வண்டி தேடுகிறவர்கள் இதில் எளிதில் விழுவார்கள், 'வேறு ஒருவர் கேட்கிறார்' என்ற ஒரு வரி போதும். அந்த வேறு ஒருவருக்கு என் வாழ்த்துகள்.

காப்பீடு?

பெயர் மாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக விற்பவருக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், உங்களுக்கு வராது. உங்கள் பழைய காரில் நீங்கள் சேர்த்தது உங்களோடு வரும். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியின் காப்பீட்டு மதிப்பு நீங்களும் நிறுவனமும் பேசி ஒப்புக்கொள்வது. பிரீமியம் குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்துப் போடாதீர்கள். ஒரு மழையில் வண்டி போனால், அந்தத் தொகையில் இன்னொரு மேனுவல் சூப்பர்ப் கிடைக்காது.

20 சதவீத எத்தனால் பெட்ரோல் இந்த இன்ஜினுக்கு ஆகுமா?

2016-ல் வந்த வண்டி அதற்கென்று வடிவமைக்கப்படவில்லை. மைலேஜ் சற்றுக் குறையும், ரப்பர்க் குழாய்களைச் சர்வீசின்போது பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டியை வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைக்காதீர்கள். இதற்கு மேல் நாம் செய்யக்கூடியது அதிகமில்லை.

உதிரிபாகம் கிடைக்குமா?

இன்ஜின் பாகங்களுக்குக் கவலை இல்லை. ஸ்கோடாவின் இன்னொரு காரான ஆக்டேவியா 1.8-லும் இதே குடும்ப இன்ஜின்தான். மேனுவலுக்கே உரிய கிளட்ச் செட், ஃப்ளைவீல், கியர் கேபிள் போன்றவை கையிருப்பில் இருக்காது. சொல்லிவைத்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தினமும் அலுவலகத்துக்கு இந்த ஒரே வண்டியை நம்பியிருப்பவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எவ்வளவு தேடியும் கிடைக்காவிட்டால்?

ஆக்டேவியா 1.4 டி.எஸ்.ஐ. மேனுவலைப் பாருங்கள். 150 குதிரைத்திறன், எடை குறைவு, நகரத்துக்குள் சூப்பர்பைவிடச் சுறுசுறுப்பு. எண்ணிக்கையிலும் அதிகம். சத்தியமாகச் சொன்னால், பாதிப் பேருக்கு அதுவே நல்ல தேர்வு. பின்சீட்டில் கால் நீட்டும் இடத்தைத் தவிர எதையும் இழக்க மாட்டார்கள். வயதான வண்டிக்குத் துணிந்தவர் என்றால் 2011-ல் வந்த ஸ்கோடா லாராவின் வேக வகையான லாரா ஆர்.எஸ்.: 160 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல் மட்டுமே. இந்தியாவில் மேனுவலோடு விற்ற கடைசி ஆர்.எஸ். அதுதான், பின்னால் வந்த ஆக்டேவியா ஆர்.எஸ்.கள் எல்லாமே டி.எஸ்.ஜி. ஆனால் அதன் இன்ஜின் நான் மேலே சொன்ன முந்தைய தலைமுறையைச் சேர்ந்தது. செயினும் எண்ணெயும் சோதிக்காமல் கை வைக்காதீர்கள்.

நெரிசலில் கால் வலிக்கவில்லையா?

வலிக்கிறது. அவிநாசி சாலையில் மாலை ஆறு மணிக்கு நிற்கும்போது டி.எஸ்.ஜி. வாங்கியவர்களை நினைத்துக்கொள்வேன்.

வீட்டில் எப்படிச் சம்மதித்தார்கள்?

என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "பெட்டி எவ்வளவு பெரியது?" டிக்கி 625 லிட்டர். தாராபுரத்தில் இருந்து தேங்காயும் அரிசியும் ஏற்றிவர அது போதும் என்று முடிவானது. நியூட்டன் மீட்டர் பற்றிப் பேச்சே வரவில்லை.

குடை இருந்ததா?

சூப்பர்ப் தெரிந்தவர்கள் எல்லோரும் கடைசியில் இதைக் கேட்பார்கள். முன்கதவுகள் இரண்டின் விளிம்பிலும் குடை செருகும் குழாய் உண்டு. தொழிற்சாலையே இரண்டு குடைகள் தந்தது. பழைய வண்டி பார்க்கப் போனால் நான் அந்தக் குழாய்களைத் தவறாமல் திறந்து பார்ப்பேன். பார்த்த ஏழில் நான்கில் இரண்டுமே இல்லை. மல்லிகை வாசனை வண்டியில் புத்தம் புதிதாக இரண்டு இருந்தன, அதுவும் எனக்கு உறுத்தியது.

நான் வாங்கியதில் ஒன்று இருந்தது. மற்றொன்று மகளின் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டது என்று பழைய உரிமையாளர் வருத்தத்தோடு சொன்னார். அவருடைய ரசீதுக் கோப்பில் ஒன்பது ஆண்டுச் சர்வீஸ் தாள்களும் தேதி வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. குடைக்காக விலையில் ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொள்ளச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன்.